முடிவு எழுதப்படாத குகைகள்

2024 டிசம்பர் 5 அன்று ‘கேவ்ஸ் ஆஃப் குட்’ என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு முடிவு கிடைத்தது. ஜேசன் கிரின்பிளாட், பிரையன் பக்லூ என்ற இருவர் 2007இல் தொடங்கிய வேலை அது. 2010இல் முதல் சோதனை வடிவம் பொதுவெளிக்கு வந்தது. 2015 ஜூலையில் ஸ்டீம் தளத்தின் ‘எர்லி ஆக்சஸ்’ பிரிவில், அதாவது இன்னும் முடியவில்லை என்று சொல்லியே விற்கும் பிரிவில், விற்பனைக்கு வந்தது. அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கதையின் கடைசிப் பகுதி இல்லாத ஓர் ஆர்பிஜியை, அதாவது பாத்திரமேற்று விளையாடும் கேமை, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் விளையாடிவந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். முழுமையடைந்த மறு ஆண்டே, 2025இல், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதை அது பெற்றது.

அந்த ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் விளையாடியது எதை? ‘முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கு அது வெறும் முன்னோட்டம். உள்ளே இருந்தவர்களில் பலர், ஒரு படைப்பு வளர்வதைக் கூடவே இருந்து பார்க்கும் மகிழ்ச்சி என்றார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் எல்லா முடியாத கேம்களையும் ஒரே பொருளாகக் கருதுகின்றன. நான் அப்படிக் கருதவில்லை. ஓர் ஆர்பிஜியின் உலகம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்துத்தான் அதன் முடியாமைக்கு அர்த்தம் அமைகிறது. விதிகளிலிருந்து விளையும் உலகில் முடியாமைக்குள் குடியிருக்கலாம். ஆசிரியர் எழுதிய கதையைத் தாங்கி நிற்கும் உலகிலோ, முன்கூட்டி விளையாடும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பக் கிடைக்காத ஒன்றைச் செலவழிக்கிறது.

முதல் வகைக்குக் குட் நல்ல சான்று. தொலைதூர எதிர்காலம், பழைய நாகரிகம் மண்ணுக்கடியில் புதைந்துவிட்டது, மேலே உப்புப் பாலையும் சதுப்பும் காடும். பெரும்பாலானோர் தொடங்குவது ஜோப்பா என்ற சிற்றூரில். ஊர்க்காரர்கள் சதுப்பில் நீர்க்கொடி பயிரிடுகிறார்கள். ஒருவர், கொடியைத் தின்னும் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவரச் சொல்வார். ஆர்கைவ் என்ற கைவினைஞர், பழங்காலக் கருவி ஏதாவது கிடைத்தால் கொண்டுவா என்பார். இந்த உலகில் நன்னீர்தான் பணம். வாள் வாங்குவதும் தண்ணீரால்தான், தாகம் தீர்ப்பதும் அதே தண்ணீரால்தான். செல்வம் கூடக்கூடச் சுமையும் கூடும். ஊர்ப் பெரியவரோடும் புகழ்பெற்ற விலங்கோடும் தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பது ஒரு சடங்கு. அந்தச் சடங்கில்தான் உறவு பிறக்கிறது, இரகசியம் கைமாறுகிறது, ஒரு கூட்டத்தின் நட்பு இன்னொரு கூட்டத்தின் பகையாகிறது.

உங்கள் பாத்திரத்துக்கு இரண்டு தலை இருக்கலாம், இறக்கை இருக்கலாம், வெயிலைத் தின்னும் தோல் இருக்கலாம். எழுத்துகளும் சிறு சின்னங்களும் நிரம்பிய திரை, ஒலி குறைவு. ஆனால் அந்தத் திரைக்குள் நாற்காலிக்கும் உயிரூட்டலாம். உயிர்பெற்ற நாற்காலி உங்களோடு நடந்து வந்து சண்டையிடும். மரங்களுக்கும் மீன்களுக்கும் குரங்குகளுக்கும் உங்களைப் பற்றித் தனித்தனியே அபிப்பிராயம் உண்டு. இவற்றில் எதையும் யாரும் காட்சியாக எழுதிவைக்கவில்லை. சில விதிகள் எல்லாப் பொருளுக்கும் பொதுவாக இருப்பதால் தானாக நேர்பவை இவை. அதனால் கதைப்பாதை பாதியில் நின்றாலும் உலகம் பாதியாகத் தோன்றவில்லை. எழுதப்படாதது கடைசி அத்தியாயம் மட்டும். விதிகள் முதல் நாளிலிருந்தே முழுவீச்சில் இயங்கின.

இதைவிட நுட்பமான இன்னொரு காரணமும் உண்டு. அது குட்டின் வரலாற்று முறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை புதிய உலகம் உருவாகும்போதும் நிரல் சில பழைய சுல்தான்களின் வாழ்க்கையைப் புதிதாகப் படைக்கிறது. வழக்கமாக இப்படிப்பட்ட நிரல், காரணம் முதலில் காரியம் பின்னர் என்ற வரிசையில் உலகைப் பாவனை செய்யும்: பஞ்சம் வந்தது, ஆகவே போர் வந்தது, ஆகவே நகரம் வீழ்ந்தது. கிரின்பிளாட்டும் பக்லூவும் அதைத் தலைகீழாக்கினார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுத்தாள் அந்த முறையை விவரிக்கிறது. நிரல் முதலில் நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்கிறது: சுல்தான் ஒரு நகரை முற்றுகையிடுகிறார். ஏன் என்ற கேள்வி அதன்பிறகே வருகிறது. அந்தச் சுல்தானைப் பற்றி அதுவரை சேர்ந்திருக்கும் தகவல்களைத் துழாவி, பொருத்தமான ஒன்றைக் காரணமாக ஒட்டிவைக்கிறது. காரணம் பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. பழங்கால மன்னர்களைப் பற்றி மெய்க்கீர்த்திகளிலும் தலபுராணங்களிலும் வாசிக்கும் எவருக்கும் இந்த நிலை பழக்கமானதுதான்.

விளையாடுபவர் இந்த வாழ்க்கையை முழுதாகப் படிப்பதே இல்லை. ஒரு நிகழ்ச்சி ஏதோ கோயில் சிலையில் பொறித்திருக்கும். இன்னொன்று கத்தியின் பிடியில் செதுக்கியிருக்கும். மூன்றாவதை ஒரு கரடி தண்ணீர்ச் சடங்கின்போது சொல்லும். நாட்குறிப்பில் துணுக்குகள் சேர்கின்றன. இடைவெளிகளை நிரப்புவது நம் வேலை. ஆறு நாள் ஸ்டில்ட் என்ற கோயிலூரில் ஒரு நூலகர் இருக்கிறார். கண்டெடுத்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நமக்கு அனுபவம் கூடும். அவற்றில் பல, சொற்சேர்க்கை நிகழ்தகவைக் கொண்டு நிரலே எழுதியவை. இலக்கணம் உண்டு, பொருள் கைக்கு எட்டியும் எட்டாமலும் நழுவும். இப்படிப்பட்ட உலகில் சில கதவுகள் திறக்காமல் போனால், அது எழுதப்படாத பகுதியா அல்லது உலகின் இயல்பான சிதைவா என்று சட்டென்று தெரியாது. துணுக்குகளாலான ஒரு கடந்தகாலத்துக்குள் வாழ்பவருக்கு எதிர்காலமும் துணுக்காக நிற்பது உறுத்தவில்லை. இந்தப் பொருத்தத்தைப் படைத்தவர்கள் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. விளையாடும் கைக்கு அந்தப் பொருத்தம் தெரிந்தது.

மூன்றாவது காரணம் சாவு. குட்டின் மரபான முறையில் பாத்திரம் செத்தால் செத்ததுதான். சேவ் கோப்பைத் திறந்து பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. கழுதைப்புலி முகம் கொண்ட ஸ்நாப்ஜாக்கள் தொடக்க நிலையிலேயே எத்தனையோ பேரை முடித்துவிடுகின்றன. பெரிய அப்டேட் வந்தால் பழைய சேவ் வேலை செய்யாது என்பது முடியாத கேம்களின் தீராத சிக்கல்; இங்கே அதன் கூர்மை மழுங்கிவிடுகிறது. எப்படியும் இழக்கப்போகும் உயிரை ஒரு புதிய பதிப்பு சற்று முன்னதாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. அடுத்த பாத்திரம் புதிய விதிகளோடு பிறக்கும். பதிப்புகள் வரவரக் கதைப்பாதை நிற்கும் இடமும் தள்ளிப்போனது. 2020இல் ‘உண்போரின் கல்லறை’ என்ற பெரும்பகுதி சேர்ந்தது. இடையில் சாவை விரும்பாதவர்களுக்காக ஊர்களில் உயிர் மீளும் முறையும், சண்டையைத் தவிர்த்து அலைந்து திரியும் முறையும் வந்தன. கேமைப் பலருக்கும் திறந்துவிட்ட நல்ல மாற்றங்கள் அவை.

இனி எதிர்ப்பக்கம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரைச் சேர்ந்த லாரியன் தன் ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமை 2020 அக்டோபர் 6 அன்று எர்லி ஆக்சஸில் வெளியிட்டது. வெளியீட்டாளர் யாரையும் நம்பாமல் தானே வெளியிடும் நிறுவனம் என்ற அளவில் அதைச் சுயாதீனம் என்று சொல்லலாம்; ஆனால் நூற்றுக்கணக்கானோர் உழைத்த பெரும் படைப்பு அது. கிடைத்தது முதல் அங்கம் மட்டும். விலையோ முழு விலை, 60 டாலர். முதலில் நான்காம் லெவலுக்கு மேல் பாத்திரம் வளராது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு வடிவம் வந்தபோது, பழைய சேவ்கள் செல்லாது என்று ஆனது. குட்டில் இழந்தது ஓர் உயிரை. இங்கே இழந்தது ஓர் ஆளை. துணைவர்களோடு பேசிப் பழகி, ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரைக் கைவிட்டு உருவான ஓர் ஆளை.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. வில் என்ற துணைவரின் கதை இடைக்காலத்தில் பெருமளவு திருத்தி எழுதப்பட்டது. குரல் கொடுத்த நடிகரும் மாறினார். கனவில் வந்து மயக்கும் உருவம் ஒன்று எர்லி ஆக்சஸில் இருந்தது. முழு வடிவத்தில் அந்த இடத்தில் காவலராக இன்னொருவர் வந்தார். கனவின் நோக்கமே மாறியது. முன்பு விளையாடியவர்கள் இரண்டு வில்களை அறிந்தவர்கள். ஒருவரை முதன்முதலாகச் சந்திப்பது ஒரே ஒரு தடவைதான் நிகழும். அந்தத் தடவையை, பிறகு ஆசிரியரே தள்ளிவைத்த வரைவின்மேல் அவர்கள் செலவழித்திருந்தார்கள். கதை கேட்கும் மனத்தின் முதல் வியப்புக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது.

படைப்பின் மேலும் இது தடம் பதித்தது என்றே நினைக்கிறேன். முதல் அங்கத்தின் ஒவ்வொரு மூலையும் மூன்று ஆண்டுகள் லட்சக்கணக்கானோரின் கைபட்டு மெருகேறியது. எந்தக் கதவை எந்த வழியில் திறப்பார்கள், யாரை எதிர்பாராத நேரத்தில் கொல்வார்கள் என்பதெல்லாம் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. மூன்றாம் அங்கம் அப்படி யார் கையும் படாமல் வந்தது. வெளியான சமயத்தில் பக்குகளும் வேகக்குறைவும் பற்றிய குறைகள் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் பற்றியவையே. விளையாடக்கூடிய நிறைவுரைக் காட்சி, 2023 நவம்பர் இறுதியில் ஐந்தாம் பேட்ச்சில்தான் சேர்ந்தது. கேமின் தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அண்மைக்கால ஆர்பிஜிகளில் அதன் முதல் அங்கத்துக்கு ஈடானவை அரிது. ஆனால் ஒரு கதையின் தொடக்கத்தை மட்டும் மக்கள் முன் வைத்து வளர்த்தால், கவனம் தொடக்கத்தை நோக்கியே சாயும். கதையாலான ஆர்பிஜிக்கு இந்த முறை தரும் சாய்வு அது.

கதையும் வேண்டும், முன்கூட்டி விற்கவும் வேண்டும் என்றால் வழியே இல்லையா? சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த, ஏறத்தாழ இருபது பேர் கொண்ட சூப்பர்ஜயன்ட் ஒரு வழி கண்டது. 2018 டிசம்பரில் எர்லி ஆக்சஸில் வந்து 2020 செப்டம்பரில் முழுமையடைந்த ‘ஹேடிஸ்’, கிரேக்கப் பாதாள உலகிலிருந்து தப்ப முயலும் சாக்ரியஸ் என்ற இளவரசனின் கதை. அவன் திரும்பத் திரும்பச் சாகிறான்; ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் தந்தையின் அரண்மனையில் விழித்தெழுகிறான்; அங்கே இருப்பவர்கள் புதிதாக ஏதேனும் பேசுகிறார்கள். கதை சிறுசிறு உரையாடல்களாக அவிழ்வதால், புதிய அப்டேட்டின் வசனங்கள் பழைய வசனங்களுக்குப் பின்னால் தையல் தெரியாமல் சேர்ந்துகொண்டன. உண்மையான முடிவை மட்டும் முழு வடிவம் வரும்வரை வெளியே விடவில்லை. தப்பவே முடியாத ஒருவனாக நடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முடிவு இல்லாதது கதைக்குள்ளேயே நியாயப்பட்டது.

முடியாமையை இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடாமல், அதையே வாழ்க்கைமுறையாக ஏற்றுக்கொண்டவர்கள் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற டார்ன், கல்விப்பணியை விட்டுவிட்டு ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ எழுதினார். 2006இல் இலவசமாக வெளிவந்த அது பல ஆண்டுகள் நன்கொடையால் மட்டுமே நடந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகத் தெரிந்தெடுத்த 14 கேம்களில் அதுவும் ஒன்று. அப்போது அதன் பதிப்பெண் 0.34. காசுக்கு விற்கும் ஸ்டீம் வடிவம் 2022 டிசம்பரில்தான் வந்தது. தனியொரு வீரனாக உலகில் அலையும் ஆர்பிஜி முறை அதில் 2024 ஏப்ரலில் பீட்டாவாகச் சேர்ந்தது.

அந்தக் கேமில் 2015இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதுக்கூடங்கள் புதிதாகச் சேர்ந்த பதிப்பில் பூனைகள் காரணமில்லாமல் செத்து விழுந்தன. விளையாடியவர்கள் தகவல் சொன்னார்கள்; டார்ன் ஆராய்ந்தார். குடிகாரர்கள் தரையில் சிந்திய பீர் பூனைகளின் பாதங்களில் ஒட்டியது. பூனைகள் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் என்று முன்பே எழுதிவைத்த விதி ஒன்று இருந்தது. நக்கிய துளியை நிரல் ஒரு முழுக் குவளையாகக் கணக்கிட்டது. சின்ன உடம்பு, போதை தலைக்கேறி உயிர் போனது. யாரும் எழுதாத இந்த மரணத்துக்கு ஒவ்வொரு கண்ணியிலும் காரணம் இருந்தது. தவறு அளவில் மட்டுமே. முடிந்த கேமில் இது குறைபாடு. முடியாத கேமில், உலகம் தன் விதிகளைப் படைத்தவருக்கே தெரிவிக்கும் விதம். அதைக் கண்டு சொன்னவர்களை நுகர்வோர் என்று மட்டும் அழைப்பது பொருந்தாது.

இத்தனை சொன்னபிறகு பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ஸ்டீம் 2013 மார்ச்சில் 12 கேம்களோடு எர்லி ஆக்சஸைத் தொடங்கியது. ஏன் முன்கூட்டி விற்கிறீர்கள், எவ்வளவு காலம் பிடிக்கும், முழு வடிவம் எப்படி வேறுபடும் என்ற கேள்விகளுக்கு உருவாக்குநர் விற்பனைப் பக்கத்திலேயே பதில் எழுத வேண்டும். பதிலில் உள்ள காலவரையறை ஒப்பந்தம் ஆகாது. 2015 முதல், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டு விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஓர் அதிரடி கேமுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆர்பிஜிக்கு அது பெயர் சூட்டி, ஊரைச் சுற்றி, முதல் பூச்சியைக் கொல்லும் நேரம். முப்பதாவது மணி நேரத்தில் கதைப்பாதை அறுந்து நிற்பது அதற்குள் தெரியவே தெரியாது. இந்த வகைக்கு இந்த விதி பொருந்தவில்லை.

பணம் வாங்கியபோது கொடுத்த வாக்கு நிறைவேறாமல் நிற்பதும் உண்டு. ‘சுயி ஜெனரிஸ்’ என்ற மிகுபுனைவு ஆர்பிஜிக்காக 2012இல் ஒரு சிறிய பிரிட்டிஷ் குழு கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டியது. அதன் முன்கதையாக ‘எக்ஸானிமா’ 2015இல் எர்லி ஆக்சஸில் வந்தது. இருண்ட நிலவறை, ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் எடையும் வேகமும் தடுமாற்றமும் உண்மையான இயற்பியலால் கணக்கிடப்படும். அந்த ஒன்றில் அதற்கு நிகரான ஆர்பிஜியை நான் பார்த்ததில்லை. ஆனால் வாக்களித்த பெரிய உலகம், அந்த நிலவறைக்கு மேலே இருக்க வேண்டிய ஊர்களும் மனிதர்களும், பத்தாண்டு கடந்தும் வந்து சேரவில்லை. ஏமாற்று என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. உழைப்பு ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. ஆனாலும் பணம் கொடுத்தவர்கள் கேட்டது ஓர் உலகத்தை. கிடைத்திருப்பது அதன் அற்புதமான ஒரு தசைநார்.

குட்டும் அதேபோல், இன்னும் தராத முடிவு என்ற கடனைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. விதிகள் எவ்வளவு செழித்தாலும், நீண்ட பயணத்தின் இறுதியில் ‘இதற்கு மேல் இன்னும் இல்லை’ என்ற இடத்தில் கால் இடித்தது. அது ஒருபோதும் இனிமையாக இல்லை. அந்தக் கடனை அவர்கள் தீர்த்தார்கள். 2024இன் முழு வடிவத்தில் கடைசித் தேடலும் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளும் வந்தன. புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சிப் பகுதியும் வந்தது. முடிவை அடைந்தபோது எனக்கு முதலில் தோன்றியது நிறைவு; அடுத்து, முன்பு செத்த பாத்திரங்களின் நாட்குறிப்புகள் நினைவுக்கு வந்தன. அவர்களில் ஒருவரும் தோற்றவராகத் தெரியவில்லை. அவர்கள் வாழ்ந்த பதிப்பில் வெல்வதற்கு ஒன்றும் இல்லை. செய்வதற்கு மட்டும் நிறைய இருந்தது.

அந்தப் பதிப்புகள் இப்போது எங்கே? சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்தார்கள், உ.வே.சா. போன்றோரின் பதிப்புகளில் தள்ளிய பாடமும் கண்ணுக்குத் தெரியும். கேம் உலகில் பெரும்பாலும் புதிய பேட்ச் பழையதின் மேலேயே எழுதுகிறது. பால்டர்ஸ் கேட்டைத் திறந்தால் கிடைப்பது புதிய வில். பழைய வில், விளையாடியவர்கள் பதிவுசெய்த காணொளிகளில்தான் பேசுகிறார். ஒரு கேம் எப்படி எழுதப்பட்டது, எந்த யோசனை கைவிடப்பட்டது, கூட விளையாடியவர்கள் எதை மாற்றினார்கள் என்று நாளை ஆராய விரும்புபவருக்கு இறுதி வடிவம் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒரு பதிப்பையாவது, அதன் மாற்றக் குறிப்புகளோடும் இயங்கும் நிலையிலும், உருவாக்குநர்களே எடுத்துவைக்க வேண்டும். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். 2015இன் ஜோப்பாவை 2040இல் ஒருவர் திறந்து, கதைப்பாதை நின்றுபோகும் அந்தப் பழைய இடம்வரை நடந்து பார்க்க வழி இருக்க வேண்டும்.